சாம்பிள் பார்க்காத படம்

வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது சுகம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பார்ப்பது சுகம்தான். எந்தப் படம் என்று முடிவு செய்வதற்குள் உயிர் போய்விடும். அதை எவரும் சொல்வதில்லை.

எங்கள் வீடு வடக்குப்பட்டில். வண்டிகளுக்குப் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில் நான் லைனில் நிற்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேறொரு கம்பெனி. இரண்டு பேருக்கும் ஷிப்ட் வாரா வாரம் மாறும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று நாங்களே போய்க் கேட்டு எதிரெதிர் ஷிப்ட் வாங்கிக்கொண்டோம். அவருக்கு நைட் என்றால் எனக்குக் காலை. இந்தப் பக்கம் கம்பெனிக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி நிறையப் பேர் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். பெண்ணுக்கு அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் கிடைத்துவிடுவோம். எங்கள் இரண்டு பேருக்கும்தான் ஒருவருக்கொருவர் கிடைப்பதில்லை. கட்டிலில் போர்வை கசங்கிக் கிடந்தால் மனுஷன் வந்து தூங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அதிலும் ஓ.டி. என்று கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்துக் குழம்பு வைத்து, சாப்பிட்டு முடித்து, மூன்று பேரும் பாயில் சாய்ந்துகொண்டு ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அது மட்டும் நடக்கவே இல்லை.

காரணம் அவருடைய வேலை. கம்பெனிக்குள் லாரியில் வருகிற சாமான்களைச் சோதிக்கிற இடத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. ஒன்றிரண்டு பெட்டியைத் திறந்து சாம்பிள் எடுப்பார். அதில் கீறலோ பிசிறோ இருந்தால் மொத்த லோடையும் ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பிவிடுவார். வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். இருக்கட்டும். அதை வீட்டு டிவியில் ஏன் செய்ய வேண்டும்?

ரிமோட் அவர் கையில் இருக்கும். ஒரு படத்தைப் போடுவார். பத்து நிமிடம் ஓடும். எனக்கு அப்போதுதான் யார் அண்ணன், யார் தம்பி என்று பிடிபட ஆரம்பித்திருக்கும்.

"இன்னா இது, ஒண்ணுமே தெரியல. கெணத்துக்குள்ள போய் எடுத்தானா? தள்ளு."

அடுத்தது.

"போலீஸ்காரன் தொப்பையப் பாரு. இவன் ஓடிப் போய்த் திருடனப் புடிப்பானா? தள்ளு."

அதற்கு அடுத்தது.

"அம்மா வேஷம் போட்டிருக்கிற பொம்பள பையனவிடச் சின்னவளா கீறா. தள்ளு, தள்ளு."

என் பெண் சும்மா இருக்க மாட்டாள். அவளுக்கு வெளிநாட்டுப் பேய்ப் படம் வேண்டும். எந்த நாட்டுப் பேயாக இருந்தாலும் சரி.

"ப்பா, இதுல கீழ எழுத்து வருது பாரு. அதப் படிச்சாப் புரியும்."

"படிக்கணும்னா நான் பேப்பர் வாங்கிப் படிச்சுக்கிறேன். படம் எதுக்கு?"

இப்படியே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே வெயில் இறங்கிவிடும். துணி எடுக்க நான் எழுந்து போவேன். வந்து பார்த்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். பெண் தன் போனோடு மூலைக்குப் போயிருப்பாள். டிவியில் படங்களின் போட்டோ வரிசை மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தது இதற்கா என்று எனக்கு ஆத்திரமாக வரும். எத்தனையோ படத்தின் முதல் பத்து நிமிடம் எனக்குத் தெரியும். ஒன்றில்கூட யார் செத்தார்கள், யார் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்று தெரியாது.

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் சாப்பிட்டதிலிருந்து தள்ளு தள்ளு என்று ஓடிக்கொண்டிருந்தது. மாடி அறையில் குடியிருக்கிற பெண்ணும் வந்து உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். என் லைனிலேயே வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக் குழம்புக்கும் டிவிக்கும் இறங்கி வந்துவிடுவாள்.

"அண்ணாச்சி, நீங்க படம் பாக்கியளா, இல்ல இண்டர்வியூ வைக்கியளா?" என்று அவள் கேட்டாள்.

என் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவருக்கு நைட் ஷிப்ட். இருட்டியதும் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் எழுந்து போய் அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினேன்.

"யோவ், இன்னிக்கு சாம்பிள் கெடையாது. நான் ஒண்ணு போடுவேன். அது முடியற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

"இன்னா படம்?"

"தெரியாது."

"யாரு நடிச்சது?"

"தெரியாதுன்றேன்ல."

வரிசையில் ஒரு படத்தின் போட்டோவில் பெரிய தலைவாழை இலையில் சாப்பாடு போட்டிருந்தது. அப்பளம், வடை, பாயாசம், எல்லாம். அதைப் பார்த்துத்தான் அமுக்கினேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

ஒரு கல்யாண மண்டபம். விடிந்தால் முகூர்த்தம். கல்யாணப் பெண்ணைக் காணோம். வாசற்கதவு வெளியே பூட்டியிருக்கிறது, ஆகவே பெண் உள்ளேதான் இருக்க வேண்டும், வந்திருக்கிற சொந்தக்காரர்களில் யாரோ ஒளித்துவைத்திருக்கிறார்கள். இதுதான் கதை. உள்ளதைச் சொல்கிறேன், மட்டமான படம். மாப்பிள்ளையின் ஒட்டுமீசை ஒரு காட்சியில் தடியாகவும் அடுத்ததில் மெலிந்தும் இருந்தது. எல்லோரும் பெண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு நடுவில் ஒரு பாட்டுக்கு ஆடினார்கள். பத்து நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் போட்டது நான். நிறுத்தினால் ஆயுசுக்கும் ரிமோட் கையில் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் வாய் சும்மா இருக்கவில்லை. ஆனால் தள்ளு என்றும் சொல்லவில்லை. ரிமோட்டை நான் முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

"பொண்ணக் காணோம்னு அழுவுறான், கையில காப்பி டம்ளர் கீது பாரு. ஒரு சொட்டு சிந்தல."

"ப்பா, அந்த போட்டோக்காரன் எப்ப பாத்தாலும் அந்த ரூமாண்டயே நிக்கிறான்."

"அவன் இல்லம்மா. சமையல்காரன். இத்தினி பேருக்கு சமைக்கிறவன் ஒரு தடவகூட அடுப்பாண்ட நிக்கல பாரு. அவன்தான்."

"மாமியார்க்காரி," என்றேன் நான்.

"உனக்கு எல்லாத்துக்கும் மாமியார்தான்."

அப்படியே ஓடியது. யாரும் போனைத் தொடவில்லை. அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு அப்பளம் கடித்துக்கொண்டிருந்தார். படத்தில் மண்டபத்துக் கரண்ட் போய், கிணற்றடியில் ஏதோ சத்தம் கேட்டு, எல்லோரும் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டே டிவியைப் பார்த்தார். ஷூ போட்டுக்கொண்டே பார்த்தார். பஸ் மறுபடியும் அடித்தது.

"நிறுத்து," என்றார்.

"இன்னா நிறுத்து? கொஞ்சம்தான் கீது. நாங்க பாத்துட்டுச் சொல்றோம்."

"நிறுத்துன்றேன். நான் இல்லாம எவளாவது பாத்தீங்க, அவ்ளோதான். அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாம் சேந்து பாக்கலாம்."

பத்து நிமிடத்தில் உலகத்துப் படத்தையெல்லாம் ரிஜெக்ட் செய்தவர் ஒரு குப்பைப் படத்துக்காக வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். ஓடிப் போய் பஸ் ஏறினார்.

அவர் போனதும் மாடிப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"எக்கா, இத நான் ரூம்லயே போன்ல பாத்துட்டேன்லா. கடைசில யாருன்னு சொல்லட்டா?"

"வாயத் தொறந்த, ஒரு வாரத்துக்கு மோட்டார் போட மாட்டேன். குளிக்காமதான் லைனுக்கு வருவ."

"அய்யய்யோ, சொல்லல. சாமி சத்தியமாச் சொல்லல."

அந்த வாரம் நடந்ததுதான் வேடிக்கை. நான் காலை ஷிப்ட், அவர் நைட். ஓ.டி. முடிந்து நான் வீட்டுக்கு வருவதற்குள் அவர் பஸ் ஏறியிருப்பார். பேசுவதெல்லாம் போனில். எனக்கு கேண்டீன் பிரேக் விடுகிற நேரத்தில் அவர் தூங்கப் போவதற்கு முன் அடிப்பார். வழக்கமாகப் பேச்சு இப்படி இருக்கும்: கேஸ் வந்துச்சா, வந்துச்சு. அவ சாப்ட்டாளா, சாப்ட்டா. சரி வெச்சிடறேன். திங்கட்கிழமை போனை எடுத்ததும் அவர் கேட்டது வேறு.

"மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தன் வந்தானே, வெள்ள வேட்டி. அவன் கிணத்தாண்ட ஏன் போனான்?"

"காலு கழுவப் போயிருப்பான்."

"மண்டபத்துல பைப்பு கீது. கிணத்துல எவன் கால் கழுவுவான்? யோசிமே."

நான் யோசித்தேன். ஒயர் கட்டும்போதும் யோசித்தேன். மறுநாள் நானே அவருக்கு அடித்தேன். சித்தப்பா இல்லை, பூக்கட்டுகிறவள், அவள் கூடை ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிது என்றேன். மனுஷன் தூக்கத்தை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கம்பெனியில் சாமான் சோதிக்கிற இடத்தில் இருக்கிற எல்லோருக்கும் கதையைச் சொல்லிவிட்டாராம். நாலு பேர் சமையல்காரன் என்கிறார்களாம், ஒரு ஆள் மட்டும் கல்யாணமே நடக்கவில்லை, எல்லாம் கனவு என்கிறானாம். அவனை எல்லோரும் திட்டினார்களாம். பிரேக் முடிந்து மணி அடித்த பிறகும் நான் போனை வைக்காமல் நின்றேன். எங்கள் லைன் லீடர் பார்த்துவிட்டு, "யார்கிட்ட இவ்ளோ சிரிப்பு?" என்று கேட்டாள். "என் புருஷன்கிட்ட" என்றேன். அவள் நம்பவில்லை.

வீட்டில் என் பெண்ணைக் காவல் காக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் போட்டோ டிவியின் முதல் வரிசையிலேயே நின்றது, எவ்வளவு பார்த்தோம் என்று காட்டுகிற சிவப்புக் கோடு அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து. "ம்மா, சத்தம் வெக்காம பாக்கிறேன்" என்றாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மாடிப் பெண் லைனில் என் பக்கத்தில் நின்றுகொண்டு நாங்கள் சொல்கிற முடிவையெல்லாம் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவளை நிஜமாகவே அடிக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை அவர் போன் அடித்தபோது குரல் தொங்கிப்போயிருந்தது.

"நாளைக்கு ஓ.டி. கூப்புட்றான். லோடு வந்து நிக்குது."

ஓ.டி.யை அவர் விட்டதே கிடையாது. விடு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. வீடு கட்டிய கடன் இருக்கிறது. படம் போனால் போகிறது. ஆனால் அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எங்களுக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அது அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும் போல இருந்தது.

"சரி, போய்ட்டு வா" என்றேன்.

"எங்க போறது? முடியாதுன்னு சொல்லிட்டேன். சூப்பர்வைசர் இன்னா விசேஷம்னு கேட்டான். வூட்ல படம் பாக்கணும்னேன். பைத்தியம் புட்ச்சிச்சானு கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"பொண்ண ஒளிச்சது சமையல்காரனான்னு தெரியாம என்னால ஒரு பொட்டியையும் பிரிச்சுப் பாக்க முடியாதுன்னு சொன்னேன். போய்த் தொலைன்னுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்தோம். சாப்பிட்ட கையோடு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. மாடிப் பெண்ணைச் சுவரோரம் உட்காரவைத்து, வாயில் துப்பட்டாவை வைத்துக் கடித்துக்கொள் என்றேன். கடித்துக்கொண்டாள். என் பெண் ரிமோட்டை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிடப் போனாள்.

"இரு," என்றார் அவர். "மொதல்லேர்ந்து போடு."

"ப்பா!"

"யோவ், இன்னாத்துக்கு?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு வாரம் கட்டிப்போட்டு வெச்சிருந்த. இப்ப மறுபடியும் அந்த மீச மாப்பிள்ளைய மொதல்லேர்ந்து பாக்கணுமா?"

"நடுவுல வுட்டா ஒட்டாதுமே. நீதான மொதல்லேர்ந்து கடசி வரைக்கும் பாக்கணும்னு சொல்லிகினே இருப்ப? இன்னிக்கு எனக்கு பஸ் இல்ல. இந்த வாரம் செகண்ட் ஷிப்ட்."

நான் சொல்லிக்கொண்டே இருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரிமோட்டை வாங்கி முதலிலிருந்து போட்டேன்.

முழுவதும் பார்த்தோம். எங்கே சிரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. மீசை மெலிகிற காட்சி வருவதற்கு முன்பே என் பெண் விரலை நீட்டிவிட்டாள். கிணற்றடியைத் தாண்டி, மிச்சமிருந்த சிவப்புக் கோடும் ஓடி முடிந்தது. கல்யாணப் பெண்ணை யாரும் ஒளித்துவைக்கவில்லையாம். அவளே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டாளாம். எழுந்து வந்ததும் மேளம் கொட்டிப் படத்தை முடித்துவிட்டார்கள்.

மாடிப் பெண் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"இதச் சொல்லத்தான்க்கா ஒரு வாரமாத் துடிச்சேன். நீங்க மோட்டாரக் காட்டி மெரட்டுனிய."

"இதுக்கு என் பூக்கூட எவ்வளவோ மேல்," என்றேன்.

"கூடையில எப்படிமே மூச்சு வுடுவா?" அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அதச் சொல்லு மொதல்ல."

"பிரம்புக் கூடைய்யா. ஓட்ட ஓட்டயா இருக்கும்."

"மேல பூ கொட்டியிருப்பாங்களே?"

நான் கூடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். டிவியை யார் அணைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.