நான் வெட்டிய கன்று

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி, தமிழ் வம்சம் என்றாலும் மலாய் மட்டுமே பேசுபவர், ஒரு கன்று கொடுத்தார். இலையைப் பார்த்ததும் இன்னொரு பலா என்று நட்டேன்.

சில மாதத்தில் அதன் இளந்தண்டெல்லாம் பழுப்பு முடி. எஸ்டேட்டில் பலாமரத்தடியிலேயே வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாத பலாவா? நோய்தான், பெரிய மரத்துக்கும் பரவிவிடும் என்று வேரோடு வெட்டி எரித்தேன். அதோடு விட்டேனா? வேலியருகே போய் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"நோய் பிடிச்ச கன்ன ஏன் குடுத்தீங்க?"

அவர் சாம்பலைப் பார்த்தார். பிறகு வேலியைத் தாண்டி நீண்டிருந்த எங்கள் பலாவில் ஒரு கொழுந்தும் தன் கொல்லை மரத்தில் ஒரு கொழுந்தும் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று வழவழப்பாக இருந்தது. மற்றது சொரசொரத்தது.

"இது நங்கா, உங்க பலா. இது செம்பெடாக். பலாவுக்குச் சொந்தம்தான், ஆனா வேற மரம். முடி இருந்தாத்தான் செம்பெடாக்," என்றார் மலாயில்.

மன்னிப்புக் கேட்க என் மலாய் போதவில்லை. எனக்குத் தெரியாததையெல்லாம் கோளாறு என்று சொல்லும் குணம் அன்றோடு போனது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் அடங்கியது.

அடுத்த வாரம் வேலிக்கு மேல் இன்னொரு கன்றை நீட்டினார்.

"இதுக்கும் முடி இருக்கு," என்றார், சிரிக்காமல்.