யெஸ் அமுக்காதவர்

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கும் போர்வெல் ரிக் ஆபீசுக்கு ஒருவர் கம்ப்யூட்டர் வேலையாக வந்தார். போர் போட வடக்கே போயிருக்கும் எங்கள் மேனேஜர், அங்கிருந்தே லேப்டாப்பில் இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்துதான் எல்லாம் பார்ப்பார். வந்தவர் குள்ளமான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்துதான் படிப்பார்.

இடையில் யார் எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி இணைப்பைக் குறியாக்கம் செய்து முடித்தார். மேனேஜர் அங்கிருந்து இதைத் திறக்கும்போது, அவருடைய லேப்டாப் ‘இது எந்தக் கம்ப்யூட்டர் என்று உறுதியாகவில்லை, தொடரலாமா?’ என்று கேட்டது. நாங்கள் வருஷக்கணக்காக யெஸ் அமுக்கியே பழகியவர்கள். இவரோ மேனேஜரைப் போனில் பிடித்து, அங்கே தெரிந்த நீளமான எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கச் சொல்லி, இந்தக் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணோடு விரல் வைத்துச் சரிபார்த்தார். ரிக் சத்தத்தில் மேனேஜர் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அதான் பூட்டியாச்சுல்லங்க? யெஸ் அமுக்கச் சொல்லுங்க.”

“பூட்டு கெட்டிதானுங்க. ஆனா திருடனும் அவன் ஊட்டுக்கு இதே பூட்டத்தான் போடுவான். நம்ம ஊடுதானான்னு பாத்துட்டு உள்ள போகோணுமுங்க.”

அடுத்த மாதம் ஒரு போன் வந்தது. “நான்தானுங்க, கம்ப்யூட்டர் பாக்க வந்தவன். பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்லுங்க.” அவர் குரலேதான்.

“நேர்ல வாங்க, சொல்றேன்” என்றேன்.

“நல்லதுங்க” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பேசியது அவர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவராக இல்லாவிட்டாலும், அன்று எங்களைக் காப்பாற்றியது அவர்தான்.