பஸ்ஸுக்கு முன் ஒரு தேர்தல்

எங்கள் கண்டித் திருச்சபையின் வாலிபர் ஐக்கியம் என் அம்மா பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. மண்டபச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாம் மீசைதான். பெண்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது செயலாளர் பதவி. நான் நான்கு வருடம் அதில் இருந்தேன்.

என் பிரச்சினை மீசை இல்லை, நேரம். காலையில் சிங்கள, ஆங்கில ஆராதனைகள் நடக்கும். தமிழ் ஆராதனை பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்குப் பிறகுதான் ஐக்கியக் கூட்டம். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் ஒன்பது பேர், பாட்டும் ஜெபமும் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விடுவார்கள். சுற்றுலா எங்கே, நாடகத்தில் யாருக்கு என்ன வேடம், அடுத்த தலைவர் யார், எல்லாம் அவர்கள் போன பிறகுதான் முடிவாகும். அவர்களில் ஒருத்தி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "நாங்க பாட்டுப் பாட மட்டுந்தானே அக்கா. அடுத்த வருசம் நாங்க யாரும் வரல."

எனக்குச் சுருக்கென்றது. கூட்டத்தை ஆராதனைக்கு முன், ஒன்றரை மணிக்கு வைக்கலாமே என்று தலைவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்காவிட்டால் அவருக்கு ஓடாது. "பார்ப்போம் தங்கச்சி" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்கு மனப்பாடம். சரி, நானே தலைவராகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆண்டுக் கூட்டத்தில் தேர்தல் எப்போதும் கடைசி. அந்த ஒன்பது பேரும் அப்போது பஸ்ஸில் இருப்பார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரல் எழுதுவது செயலாளர் வேலையாயிற்றே. தேர்தலைத் தூக்கி ஆரம்ப ஜெபத்துக்கு அடுத்ததாக, பாட்டுகளுக்கும் முன்பே போட்டேன். தலைவர் வழக்கம்போல் வாசிக்காமலே கையொப்பம் வைத்தார். ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க அது அறிவிப்புப் பலகையில் தொங்கியது. யாரும் பார்க்கவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு?

அன்று போதகர் தாளைப் பார்த்து, "முதல்லயே தேர்தலா?" என்றார்.

"ஆமாங்க ஐயா, அப்படித்தான் இருக்கு" என்றேன்.

எங்கள் வழக்கப்படி எல்லோரும் தலைகுனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்த வேண்டும். போதகர் மட்டும் எண்ணுவார். தலைவரின் பெயரைச் சொன்னபோது முன்வரிசைக் கதிரைகள் கிரீச்சிட்டன. பிறகு என் பெயர். தோட்டத்துப் பெண்கள் இருந்த பின்வரிசை முழுக்க வளையல்கள் குலுங்கின. நடுவரிசைகளிலும் சில குலுங்கின. கண்ணை மூடியபடியே சிரித்தேன்.

ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வென்றேன். தோற்ற தலைவர் கைதட்டிக்கொண்டே, "அந்தத் தாள வாசிச்சிருக்கணும்" என்றார்.

அடுத்த மாதம் ஒன்றரை மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. அவரும் கொட்டாவியோடு வந்திருந்தார். சுற்றுலாவுக்கு நுவரெலியா போகலாம், தேயிலை மலையெல்லாம் அழகாக இருக்கும் என்று பெருமையாக என் முதல் பிரேரணையை வைத்தேன். இனி வரமாட்டேன் என்றவள் பின்வரிசையில் எழுந்தாள்.

"நாங்க கதவத் தொறந்தா தேயிலதான் அக்கா. கடலப் பார்க்கப் போவோம்."

வாக்கெடுப்பில் படுதோல்வி. தேர்தலில் வென்ற அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.