அம்மா போட்ட மாற்றல்கள்

இளவரசிக்கு ஆறு வயதானபோது அவளுடைய அப்பா கலியன் ராணுவ வேலையை விட்டுவிட்டு, வேறொரு பெண்ணோடு ஃபரீதாபாத்தில் குடியேறிவிட்டார். இவர்கள் வீடு இருக்கும் டெல்லி கரோல் பாகிலிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரம். ஆனால் அம்மா செல்வி அக்கம்பக்கத்தில் சொன்ன ஊர் லடாக்கில் இருக்கும் லே. மூன்று வருடம் கழித்துத் தேஜ்பூர். அப்புறம் ஜோத்பூர். விதி தவறாமல் மூன்று வருடத்துக்கொரு முறை புருஷனுக்கு அவளே மாற்றல் போட்டாள். தீபாவளிக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி அவர் அளவுக்குச் சட்டை வாங்கினாள். புசா ரோடு பள்ளியில் யாராவது கேட்டால் இளவரசியும் தயங்காமல் ஊர்ப்பெயரைச் சொல்வாள். இல்லாத ஒருவரை இருக்கவைக்க இவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது. அதில் ஒரு துளிகூட அவருடையது இல்லை.

இப்போது இருபத்தேழு வயதில் நொய்டாவில் சோப்பு விளம்பரங்களுக்கு அனிமேஷன் செய்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகவே தோழி கவிப்ரியாவின் கவிதையை அவள் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதை ஒரு குறும்படமாக வரைந்தாள். இசை, நண்பன் பிரதீப். மூவருக்கும் அப்பா இல்லை, மூன்று விதமாக: கவிப்ரியாவின் அப்பா இறந்துவிட்டார், பிரதீப்பின் அப்பா துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பேசும் ஒரு குரல்.

படம் நான்கு நிமிடம். வரைபடத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி தானாக நகர்கிறது, தூக்க ஆளில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாத்தியம் நின்றுபோகிறது. ஃபரீதாபாத்தில் கவிப்ரியாவின் குரல் மட்டும்: ‘ஒரு மணி நேர தூரத்தை ஆயிரம் மைல் என்று சொல்லிக்கொடுத்தார்கள் எனக்கு.’ பெரிய படைப்பு என்று சொல்ல முடியாது, நடுவில் இழுக்கிறது. பொய் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் போடுவதாகப் பேச்சு. செயலாளர் ராஜகோபாலன் வீட்டுக்கே வந்து பார்த்தார். செல்விக்கும் அதுதான் முதல் தடவை. அம்மா வேண்டாம் என்றால் அழித்துவிடுவது என்று இளவரசி முடிவு செய்திருந்தாள். அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தவள் அவள்தானே.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா குடும்பத்தோட பார்க்க வருவா. கடைசில பொட்டி பக்கத்துல அப்பா வந்து நிக்கற மாதிரி ஒரு சீன் போட்டுடேன். ரெண்டு நாள் வேலைதானே?” என்றார் ராஜகோபாலன்.

“ரெண்டு நாள்கூட ஆகாது அங்கிள். நான் வரைஞ்சா யாரு வேணா வருவாங்க,” என்றாள் இளவரசி. “ஆனா அவரை வரைய மாட்டேன்.”

“அப்ப மன்றத்துல கஷ்டம்மா. மிலிட்டரில இருக்கற மனுஷர். லீவுல வந்து இதைப் பார்த்தா அவர் மனசு என்ன பாடுபடும்?”

இளவரசி அம்மாவைப் பார்த்தாள்.

“அவரு லீவுல வரமாட்டாரு சார்,” என்றாள் செல்வி. “இருபத்தோரு வருஷமா ஃபரீதாபாத்துலதான் இருக்காரு, இன்னொருத்தி கூட. மாத்தலெல்லாம் நான் போட்டது.”

“இதைப் போய் ஏம்மா வெளியில...”

“வராத ஆளை வரவச்சே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. மீதியை இவ செய்யணுமா?”

கமிட்டியில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

“அம்மா, இனி எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“தெரியட்டும். மன்றம் இல்லன்னா நம்ம மொட்டைமாடி. போ, ஜல்தி அந்தப் பிரதீப் பையனுக்கு போன் போடு.”

சொல்லிவிட்டுச் செல்வி கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். மஞ்சு வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் மேலே கேட்டது. பிறகு அவள் குரல், வழக்கத்தைவிட உரக்க:

“மஞ்சு, ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு மாடிக்கு வா. என் புருஷன் எங்களை விட்டுட்டுப் போனதை என் பொண்ணு படமா எடுத்திருக்கா. பசங்களையும் கூட்டிட்டு வா.”