கலண்டரில் தேடிய கிரகணம்

போன செவ்வாய்க்கிழமை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த படகில் எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. யாரிடமாவது கொட்டியாக வேண்டும்... இந்த வாரம் நீங்கள்தான் அகப்பட்டீர்கள்!

பக்கத்தில் ஓர் இளம் தாய். அந்த வெயிலில் கைக்குழந்தையின் முகத்தைத் துவாயால் மூடியிருந்தாள்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது, துவாயை எடும்" என்றேன்.

தயங்கித் தயங்கி விலக்கினாள். குழந்தையின் மேலுதடு பிளந்திருந்தது. அந்த உதட்டோடேயே என்னைப் பார்த்துச் சிரித்தது.

"கிளினிக்குக்கோ?"

"ஓம் ரீச்சர். போன மாதமே வரச் சொன்னவை. பயத்திலை போகேல்லை. கிரகணத்தண்டு மீன் வெட்டினனான்... தெரிஞ்சால் டொக்டர் ஏசுவார்தானே?"

கிரகணத்தில் தாய் கத்தி பிடித்ததால் பிள்ளையின் உதடு வெட்டுப்பட்டதாம்! கண்டுபிடித்தவர் மாமியார்.

"கிரகணத்தண்டு உமக்கு எத்தினை மாதம்?"

"ஏழு."

ஏழு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உயிரியல் ரீச்சராக இதைத்தானே காலமெல்லாம் கரும்பலகையில் கீறினேன்? கரு உருவாகத் தொடங்கும் முளையத்தில் முதலில் எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி. எது தோலாவது, எது எலும்பாவது, எது எங்கே நகர்ந்து எதோடு பொருந்துவது — இந்தச் செய்தி கலத்துக்குள் போய்ச் சேரவேண்டும். அதைக் கடத்துகிறவற்றில் முக்கியமானவை கைனேசு என்னும் நொதியங்கள். ஒரு புரதத்தில் பொசுபேற்று என்ற சின்ன இரசாயனத் துண்டை ஒட்டிவிடும். அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். சுவிட்ச் போடுகிற வேலைதான். அதில் ஒன்று பிசகினாலும் உதடு பொருந்தாமல் போகலாம். வேறு காரணங்களும் உண்டு. பல பிள்ளைகளில் காரணம் டொக்டர்மாருக்கே பிடிபடாது.

ஆனால் மேலுதடு பொருந்துவது இரண்டாம் மாதத்தில்! ஏழாம் மாதத்துக் கத்தி அங்கே எப்படிப் போனது? பின்னோக்கி நடந்தா?

"உதடு ரெண்டாம் மாதத்தோடை முடிஞ்ச கதை, பிள்ளை. நீர் மீன் வெட்டினதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவள் விரல் மடித்து மாதங்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பிறகு விக்கி விக்கி அழுதாள். எனக்கும் தாங்க ஏலாமல் போய்விட்டது.

துறையில் இறங்கும்போது கேட்டேன், "அண்டைக்கு மீன் வெட்டச் சொன்னது ஆர்?"

"மாமிதான். கிரகணமெண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை பிறந்த பிறகுதான் பழைய கலண்டரைத் தேடி எடுத்துப் பாத்தவ."

பார்த்தீர்களா? பழைய கலண்டரைத் தேடிப் பிடித்த அம்மணி, புதுக் கலண்டரில் பேரப்பிள்ளையின் கிளினிக் திகதியைப் பார்த்திருக்கலாமே!