பன்னீர் மணக்கும் எஞ்சின்

கலியாண வீட்டுக்குக் கார் ஓடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பொம்பிளை எவ்வளவு வடிவாக இருந்தாலும் சனம் முதலில் பார்ப்பது காரைத்தான், கார் இடையில் நின்றால் முதலில் பார்ப்பது ஓடுகிறவளைத்தான்.

நான்தான் ஓடுகிறவள். பெயர் ஜெனி, வயது பதினெட்டு, ஊர் கார்ல்ஸ்ரூஹே. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். காரணம் கேட்காதேயுங்கோ. கதிரையில் இருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். பிறகு இரண்டு வருஷம் பேக்கரியில் பாண் அடுக்கினேன். காரை வைத்து நான் காசு உழைக்கவில்லை. பெற்றோல் அடித்து, சாப்பாட்டுப் பார்சலும் தந்தால் எந்தக் கலியாணத்துக்கும் வருவேன். பெரிய கார் வைத்திருந்து, பார்க்கிங் தேடித் தேடியே பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் எங்கேயாவது இருந்தால், இந்தக் கதை உங்களுக்குத்தான்.

உருளைக்கிழங்கு

அம்மா துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா தனியாக இருக்கிறா. அவவின் கராஜில் படங்குக்குக் கீழே ஒரு அமெரிக்கக் கார் பதினொரு வருஷமாகக் கிடந்தது. ஊருக்குத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவனிடம் அவவின் புருஷன் வாங்கியதாம். எட்டு சிலிண்டர். நீளம் ஆறு மீற்றருக்கு ஒரு சாண் குறைவு. இளம்பச்சை நிறம். முன்னுக்கு இடைவெளி இல்லாத ஒரே இருக்கை, எங்கள் வீட்டு சோபாவைவிட நீளம். படங்கைத் தூக்கிப் பார்த்த நிமிஷமே எனக்குச் சரி, முடிந்தது.

ஆங்கிலக் கையேட்டையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபரேற்றரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, ஒரு குளிர்காலம் முழுக்கக் கராஜில் கிடந்தேன். மாசியில் அது இருமிக்கொண்டு எழும்பியது. வீதியில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. நான் அழுதேன், மறைக்கவில்லை. காரை வெளியே எடுத்துவிட்டு, என்ன தரவேண்டும் என்று அந்த ஜெர்மன் அம்மாவிடம் கேட்டேன். அவ கராஜின் வெறும் தரையைப் பார்த்துச் சொன்னா: "ஒன்றும் வேண்டாம். மாதம் ஒருக்கால் என்னை ஏற்றிச் சுற்றிக்காட்டு. மற்றபடி எனக்கு உருளைக்கிழங்கு வைக்க இடம் வேணும்."

அப்பாவின் சட்டம்

அப்பாவுக்குக் கார் பிடிக்கவில்லை. அப்பா மன்னாரிலிருந்து வந்து இருபது வருஷமாக யாருடைய கண்ணிலும் படாமல் வேலைக்குப் போய் வருகிறவர். சத்தம் போடாதே, குப்பையைப் பிரித்துப் போடு, வரிசையில் நில், இதுதான் அவருடைய ஜெர்மனி. அதற்குள் நான் ஒரு பச்சை மலையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன்.

சட்டம் உடனே வந்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் எனக்கு அவுஸ்பில்டுங் கிடைக்கவேண்டும், அதாவது ஏதாவது ஒரு தொழிலை முறையாகப் பழக ஓர் இடம். இல்லாவிட்டால் கார் விற்கப்படும். எனக்குக் கார் மெக்கானிக் வேலைதான் வேண்டும். விண்ணப்பங்களை அனுப்பினேன். பதில்கள் எல்லாம் 'லைடர்' என்று தொடங்கின. 'துரதிர்ஷ்டவசமாக' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கண்டதும் மடித்து வைத்துவிடுவேன், மிச்சத்தை வாசித்ததே இல்லை.

ஒருநாள் அப்பாவின் கார் பழுது. வேலைக்கு நான்தான் ஏற்றிப்போனேன். தொழிற்சாலை வாசலில் அவருடைய கூட்டாளிகள் நின்றார்கள். பக்கத்தில் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. இருக்கையிலிருந்து வழுக்கி, தலை டாஷ்போர்ட்டுக்குக் கீழே போய்விட்டது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது: "நிப்பாட்டாதை பிள்ளை, அடுத்த சந்தியிலை இறக்கிவிடு, நான் நடந்து போறன்."

ஐந்தாம் நம்பர்

பெற்றோல் செற்றில் ஜெர்மன்காரர் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எவ்வளவு குடிக்கும்? உண்மையைச் சொல்வேன். அவர்கள் தலையில் கை வைப்பார்கள். பிறகு பொனற்றைத் தடவிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பார்கள். போகவேண்டிய அவசரம் எனக்கு மட்டும்தான்.

முதல்முறை பெற்றோல் ராங்கை நிரப்பிவிட்டுக் காசு கட்டப் போனபோது, காசாளர் பெண் திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தா. "ஐந்தாம் நம்பர் பம்பா? அதில் இரண்டு கார் நிற்கிறது என்றல்லவா நினைத்தேன்."

தேசிக்காய்

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். எங்கள் ஆட்களின் கலியாணம் என்றால் சுவாமியார் காருக்குத் தீர்த்தம் தெளிப்பார், ஆபத்து ஒன்றும் இல்லை. சைவக் கலியாணத்தில் நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைப்பார்கள். முதல் சைவக் கலியாணத்துக்குப் போனபோது, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் குனிந்து குனிந்து வைத்தார். முன் ரயரில் இருந்து பின் ரயருக்கு நடந்து போகவே அவருக்கு மூச்சு வாங்கியது. பின் ரயரைப் பாதிவரை மூடிக்கொண்டு தகரம் இருப்பதால் பழத்தை உள்ளே தள்ள ஏலாமல் விளிம்பிலேயே வைத்துவிட்டார்.

நான் மெதுவாகத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆனால் இந்தக் காருக்கு மெதுவாக என்றால் என்னவென்று தெரியாது. மூன்று பழம் நசிந்தது. நாலாவது பக்கவாட்டில் தெறித்துப் போய் மாப்பிள்ளைத் தோழனின் பட்டு வேட்டியில், சொல்லக்கூடாத இடத்தில் பட்டது. அவன் அப்படியே குந்திவிட்டான். மேளகாரர் நிறுத்திவிட்டார்கள். மாமா பழத்தையும் பார்த்தார், தோழனையும் பார்த்தார், யன்னலுக்கு வந்து சாதாரணமாகச் சொன்னார்: "மற்றக் கார் தேசிக்காயை நசிக்கும். இது சுடுது."

வீடியோ அண்ணை

இந்தக் காரின் டிக்கிக்குள் இரண்டு கிடாரம் சோறு, ஒரு மடக்குக் கட்டில், ஆறு மூட்டை அரிசி எல்லாம் போயிருக்கிறது. எங்கள் ஆட்களின் கலியாணங்களைப் படம் பிடிக்கும் வீடியோ அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. டிக்கியைத் திறந்துவைத்து, அதற்குள் இருந்துகொண்டு, பின்னால் நடந்து வரும் ஊர்வலத்தை எடுக்கவேண்டுமாம். மண்டபத்துக் கார்ப்பார்க்குக்குள் மட்டும், நடக்கிற வேகத்தில் மட்டும் என்று சொல்லி ஏற்றினேன். பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வாசலுக்கு வந்ததும் பொலிஸ்காரி ஒருத்தி கை காட்டினா. டிக்கிக்குள் ஆள் ஏன் என்று கேட்டா. வீடியோ அண்ணைக்கு ஜெர்மன் குறைவு, பயம் அதைவிடக் குறைவு. கமராவை இறக்காமலே அவவின் பக்கம் திருப்பினார். நான் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன், அவர் டிக்கிக்குள் இருந்து சொல்கிறார்: "பிள்ளை, அவவைக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பச் சொல்லும், வெளிச்சம் அந்தமாதிரி விழுது."

படிக்க வந்த தம்பி

அதே மண்டபத்துக்குச் சாப்பிட வந்த இந்தியத் தமிழ் மாணவர் ஒருவர் காரோடு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்கோ என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்து ஒன்று, கதவில் சாய்ந்து ஒன்று, என்னுடைய கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டு ஒன்று. மதுரையில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பினாராம்.

அடுத்த கிழமை எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து நின்றார், கையில் ஃபோன், முகத்தில் வேர்வை. மறுமுனையில் ஒரு பெண்குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "சிஸ்டர், ப்ளீஸ், இது உங்க கார்னு எங்க அம்மாகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க."

பன்னீர்

ஓகஸ்ட் நடுப்பகுதி. சரியான வெயில். பொம்பிளையும் தாயும் பின்னால், என் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய பன்னீர்ப் போத்தல், குளிர்ப்பெட்டியில் இருந்து அப்போதுதான் எடுத்தது. மண்டபத்துக்கு முந்நூறு மீற்றர் இருக்கும்போது, ட்ராம் தண்டவாளத்துக்கு மேலே, கார் நின்றது. பின்னால் ட்ராம் வந்து நின்று மணி அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

எனக்கு என்னவென்று தெரியும். சூட்டில் பெற்றோல் குழாய்க்குள் ஆவி கட்டிவிட்டது. குழாயைக் குளிர வைத்தால் எழும்பும். தண்ணீர்? இல்லை. சுற்றிப் பார்த்தேன். பிறகு யோசிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு பொனற்றைத் திறந்தேன், என் கைலேஞ்சித் துணியைக் குழாயில் சுற்றினேன், பன்னீரைப் போத்தல் போத்தலாக ஊற்றினேன். ஆறு போத்தல். வீதி முழுக்க ரோசாப்பூ வாசம். ட்ராம் ஓட்டுநர் இறங்கி வந்து மோந்து பார்த்துவிட்டு மணி அடிப்பதை விட்டுவிட்டார். வீடியோ அண்ணை ஓடிவந்து படம் எடுத்தார். ஏழாவது, கடைசிப் போத்தலோடு எஞ்சின் எழும்பியது. ட்ராமுக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எனக்குத் தலை கால் தெரியாத சந்தோசம். நன்றி சொல்வா என்று கண்ணாடியில் பொம்பிளையின் தாயைப் பார்த்தேன். அவ காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டா: "எல்லாத்தையும் எஞ்சினுக்குத் தெளிச்சிட்டீர், இனி வாற சனத்துக்கு நான் எதைத் தெளிக்கிறது?"

படம்

ஓகஸ்ட் கடைசிக் கிழமை. மிச்சம் ஒரேயொரு விண்ணப்பம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கராஜ். விண்ணப்பத்தில் படம் ஒட்டவேண்டும், ஒழுங்கான சட்டையோடு, கொஞ்சம் சிரித்து. ஒட்ட ஒட்ட என் படங்கள் முடிந்துவிட்டன. புதிதாக எடுக்கப் பொறுமை இல்லை. வீடியோ அண்ணை கொடுத்த படத்தை ஒட்டினேன்: பட்டுச்சேலை, தலையில் மல்லிகைப்பூ, முழங்கைவரை எஞ்சினுக்குள், கையில் பன்னீர்ப் போத்தல். அம்மா பார்த்துவிட்டு, பைத்தியமோ என்றா. ஓம் என்றேன்.

இரண்டாம் நாள் போன் வந்தது. காரையும் கொண்டுவரச் சொன்னார் அந்தக் கராஜ் மாஸ்டர், எண்ணெய் அப்பிய மீசைக்காரர். என் சான்றிதழ்களை அவர் திறக்கவே இல்லை. பொனற்றைத் திறந்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். எங்கே நின்றது, என்ன செய்தாய் என்று கேட்டார், சொன்னேன். ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்றார். கதிரையில் இருக்க ஏலாது என்றேன். "இங்கே கதிரையே இல்லை" என்றார். பிறகு மூக்கைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகும் வாசம் போகவில்லை. பொனற்றை மூடினார், கையைத் துடைத்தார். "செப்டெம்பர் முதலாம் திகதி, காலை ஏழு மணி. போத்தல் கொண்டுவராதே, எங்களிடம் தண்ணீர் இருக்கிறது."

யன்னல்

ஒப்பந்தத்தில் அப்பாவும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று நான் சும்மா சொன்னேன். எனக்குப் பதினெட்டு, தேவையே இல்லை. ஆனால் அவர் வரவேண்டும் போல இருந்தது. காரை வாங்க ஒரு ஆளைப் பார்த்து வைத்திருந்தவர், முதல்நாள் இரவே அந்த ஆளுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார், எனக்குச் சொல்லாமல். வெளுத்த சேட் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். மாஸ்டர் அவருக்குக் கை கொடுத்து, உங்கள் மகளுக்கு நல்ல கை என்று சொன்னார். அப்பா தேவையில்லாத அந்தக் கையெழுத்தை முழுப்பெயரோடு வைத்தார்.

திரும்பி வரும்போது அவராகவே, தொழிற்சாலை வழியால் போ என்றார். வேலை விடுகிற நேரம். கூட்டாளிகள் எல்லாரும் வாசலில். நான் பழக்கத்தில் அவர் வழுக்குவார் என்று பக்கத்தில் பார்த்தேன். வழுக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, சேட் கொலரைச் சரிசெய்தார். "மெதுவாய்ப் போ பிள்ளை. யன்னலை இறக்கு, சனம் பார்க்கட்டும்."

ஆறு மீற்றருக்கு ஒரு சாண் குறைந்த இந்தக் காரால் எங்கள் குடும்பத்துக்கு வந்த ஒரே நட்டம், இனி எங்களால் எங்கேயும் ஒளிக்க ஏலாது என்பதுதான்.