அவர் கழுத்தில் என் கொடி

மருத்துவர் நடக்கச் சொன்னது என் கணவரை. அவருக்குச் சீனி வருத்தம். தனியாக நடக்க வெட்கம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் அவர் சோபாவுக்குத் திரும்பிவிட்டார், நான் திரும்பவில்லை. நடை ஓட்டமாகி, ஆற்றங்கரை ஓட்டம் மேட்டு ஓட்டமாகி, நாற்பத்திரண்டாவது வயதில் அல்ப்ஸ் மலையில் நாற்பது கிலோமீற்றர் ஓடுவதற்குப் பெயர் கொடுத்தேன். பிராங்பேர்ட் தமிழ்க்கடையில் இந்தச் செய்தி என்னைவிட வேகமாக ஓடியது.

முதல் வருடம் தோற்றேன். தோற்கடித்தது மலை அல்ல, என் தாலிக்கொடி. யாழ்ப்பாணத்துக் கொடியின் பாரம் கட்டியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஏற்றத்தில் அது பேசாமல் கிடந்தது. இறக்கத்தில் துள்ளித் துள்ளி நெஞ்சில் குத்தியது. பிளாஸ்ரர் போட்டு ஒட்டிப் பார்த்தேன், வியர்வையில் கழன்றது. கடைசியில் ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே ஓடினேன். மலை இறங்க இரண்டு கையும் வேண்டும். ஒரு வளைவில் தடுக்கி விழுந்து, முழங்கால் உரிந்து, பிறகு நொண்டி நொண்டித்தான் நடந்தேன்.

அந்த ஓட்டத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வருவார், முதுகில் நிலம் கூட்டும் உண்மையான தும்புத்தடி ஒன்றைக் கட்டிக்கொண்டு. வழி காட்டும் சிவப்பு நாடாக்களைக் கழற்றிக்கொண்டே வருவார். அவர் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் ஓட்டம் முடிந்தது. சட்டையில் குத்திய ஓட்ட இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வான் வண்டியில் ஏறவேண்டியதுதான். நான் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்பவள். பன்னிரண்டு வருடம் தும்புத்தடி பிடித்த என்னை அன்று ஒரு தும்புத்தடி கூட்டி அள்ளிக்கொண்டு போனது.

வண்டிக்குள் இருந்து அழுதேன். முழங்காலுக்காக அல்ல. என் படிப்பு பாதியில் நின்றது. ஜேர்மன் வகுப்பு பாதியில் நின்றது. தையல் மெசின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒரே ஒரு காரியத்தையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

உலகக் கிண்ணக் கால்பந்து ஜேர்மனியில் நடந்ததற்கு அடுத்த வருடம், மறுபடி பெயர் கொடுத்தேன். ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை கொடியைக் கழட்டிப்போட்டுத்தான் ஓடப்போறன்."

அவர் தலை நிமிரவில்லை. புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுசன் கோபத்தில் இருக்கிறார், இனி வரவும் மாட்டார் என்று நான் நினைத்து, ரயில் நேரமெல்லாம் பார்த்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்:

"கழட்டினால் எங்கை வைக்கப்போறீர்?"

அவர் யோசித்தது அதைத்தான். பூட்டிய தமிழ் வீடுகளில் நகை இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரிந்திருந்த காலம். வீட்டில் விட ஏலாது. தங்கும் அறையில் விட ஏலாது. காரில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"என்ரை கழுத்திலை போட்டுவிடும்," என்றார். "சேட்டுக்குள்ளை ஆருக்குத் தெரியப்போகுது?"

ஓட்டத்தன்று விடிய, ஆல்கோய் மலையடிவாரத்து வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து கொடியைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினேன். அவர் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டார். ஆடி மாத வெயிலில் கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்து லேசாக இருந்தது. அது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முதல் ஏற்றம் நன்றாகப் போனது. இரண்டாவது ஏற்றத்தில் மழை பிடித்தது. சேற்றில் கால் புதைந்து நிறைய நேரம் போய்விட்டது. கடைசி மலைவிடுதியில் தண்ணீர் ஊற்றித் தந்த பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாழைப்பழத்தைக் கையில் திணித்தாள். ஐந்து மணிக்கு முடிவுக்கோடு மூடப்படும். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்றால், அடுத்தது நாடா கழற்றுகிறவர்தான். காட்டுப்பாதையில் திரும்பிப் பார்த்தேன். அதே ஆள், அதே தும்புத்தடி. அவருக்கும் என்னை ஞாபகம் இருந்தது.

"இந்த முறை உங்களைத் தாண்ட எனக்கு விருப்பமில்லை," என்றார் ஜேர்மன் மொழியில். "ஆனால் ஐந்து மணிக்கு நான் முடிவுக்கோட்டில் இருக்கவேண்டும். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது."

கடைசி இறக்கம் தொடங்கியது. பழக்கத்தில் என் வலது கை நெஞ்சுக்குப் போனது. பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கையை விரித்தேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழியைத் துரத்தும் பிள்ளை மாதிரி அந்த மலையில் இருந்து இறங்கினேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன்.

முடிவுக்கோட்டுப் புல்வெளிக்கு வந்ததும் என் கணவரைக் கண்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர், என்னைக் கண்டதும் ஓடத் தொடங்கினார். தபால் பெட்டிக்கே காரில் போகிற மனுசன், சப்பாத்து வழுக்க வழுக்க, என் பக்கத்தில் ஓடி வந்தார்.

"ஓடுமப்பா! இன்னும் நாலு நிமிசம் கிடக்கு! ஓடும்!"

இரண்டு பொத்தான் எப்போதோ திறந்திருந்தது. கொடி வெளியே வந்து துள்ளியது. சனம் முழுக்கப் பார்த்தது. அவர் ஒரு கையால் அதை நெஞ்சோடு பொத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வீசிக்கொண்டு ஓடினார். போன வருடம் நானும் இப்படித்தான் ஓடியிருப்பேன். அவர்மேல் எனக்கு அப்போது வந்த அன்பு பத்தொன்பது வருடத்தில் வராதது. அழுதுகொண்டே கோட்டைத் தாண்டினேன். தும்புத்தடிக்காரர் எனக்குப் பின்னால் வந்து கைதட்டினார். யாரோ என் கழுத்தில் பதக்கம் ஒன்றைப் போட்டார்கள். தகரம்தான்.

புல்லில் விழுந்து கிடந்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கழுத்தைத் தடவினார். அங்கே சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"ஒரு நாளைக்கே நோகுதப்பா," என்றார். "இதோடையே நீர் கூட்டித் துடைக்கிறனீர்?"

அவர் கொடியின் கொளுக்கியில் கை வைத்தார், பிறகு நிறுத்தினார்.

"போட்டுவிடட்டோ?"

பத்தொன்பது வருடத்துக்கு முன், நான் இந்த நாட்டுக்கு வந்து பத்தாம் நாள், மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மேளம் இருந்தது, ஐயர் இருந்தார். ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. அவரும்தான்.

"இப்ப வேண்டாம்," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நீங்களே போட்டிருங்கோ."

அவர் தலையாட்டிவிட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிராங்பேர்ட்வரை ஐந்து மணித்தியாலம், கொடியோடுதான் கார் ஓட்டினார். நான் பக்கத்தில் பதக்கத்தோடு நித்திரை.

அடுத்த நாள் காலை தலை முழுகிவிட்டு வந்து, நானே அவர் முன்னால் கழுத்தை நீட்டிக் குனிந்தேன்.

"இப்ப போடுங்கோ."

கொளுக்கியைக் கொளுவ அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தேடி எடுத்துக்கொண்டு வரும்வரை குனிந்தபடியே நின்றேன்.